வீட்டினுள்ளே ஒரு தனிமை

தனிமை இருவகைப்படும். ஒன்று, மனிதன் தானே நாடிச் செல்வது. துறவியும் புலவனும் ஆராய்ச்சியாளனும் இத்தனிமையை விரும்பி ஏற்கின்றனர். அதனால் பயனும் பெறுகின்றனர். மற்றொன்று, நாடாதவர்மீது சுமத்தப்படுவது. உற்றாரும் உறவினரும் சூழ்ந்திருப்பர். அடுப்பில் உலை கொதிக்கும். முற்றத்தில் குழந்தைகள் விளையாடும். அத்தனை பேர் நடுவிலும் ஒருவர் தம் உள்ளத்தை அறிவார் எவருமின்றி வாழ்ந்துகொண்டிருப்பார். அவரை எவரும் வெளியேற்றியதில்லை. அவருக்கென்று சமுதாயம் ஓர் இடத்தை முன்னரே வகுத்து வைத்திருக்கிறது, அவ்விடத்தில் அவர் பொருந்தவில்லை, அவ்வளவே. இவ்விரண்டாம் வகைத் தனிமையை இந்தியச் சிறுகதை இலக்கியம் எங்ஙனம் கண்டு காட்டியது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒரு பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதா, நிறுத்துவதா என்னும்போது இக்கேள்வி எழுகிறது. கணவனை இழந்தவள் நல்லதோர் ஆடை உடுக்கும்போது எழுகிறது. முதியவர் ஒருவர் விருந்தினர் முன் வந்து அமரும்போதும் எழுகிறது. அந்த நாலு பேர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படார். ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டி ஒதுங்கிக்கொள்வர். ஆயினும் அவர்களுடைய தீர்ப்பு மட்டும் தவறாமல் நிறைவேறிவிடுகிறது. முகமில்லாத இந்தத் தீர்ப்பு ஒரு முகத்தின்மீது விழும் கணத்தைப் பிடித்து நிறுத்தச் சிறுகதையைப் போல் பொருத்தமான கருவி வேறில்லை. நாவல் ஒரு சமுதாயத்தின் பரப்பைக் காட்டும். சிறுகதையோ அச்சமுதாயத்தின் பளு முழுவதும் ஒருவருடைய தோளில் இறங்கும் வேளையைக் காட்டும்.

நம் நாட்டில் இவ்விலக்கிய வகை வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். 1891-இல் ரவீந்திரநாத தாகூர், தம் குடும்பத்தின் நிலங்களை மேற்பார்வை செய்யும் பொருட்டு, பத்மா நதிக்கரையில் உள்ள ஷிலைதகப் பகுதியில் தங்கிப் படகில் ஊர் ஊராகச் சென்று வந்தார். கல்கத்தாவின் பெரிய மாளிகையில் வளர்ந்தவர் அங்கே சிற்றூர் மக்களை அணுகிக் கண்டார். ‘ஹிதவாதி’, ‘சாதனா’ முதலிய இதழ்களில் அவர் தொடர்ந்து எழுதிய கதைகள் அக்காட்சியின் விளைவு. அவற்றுள் ஒன்று 1893-இல் வெளிவந்த ‘சுபா’.

சுபா வாய் பேசாப் பெண். இனிய சொல்லுடையாள் என்று பொருள்படச் சுபாஷிணி எனப் பெயரிட்டபோது அவள் ஊமையாவாள் என்று எவரும் அறிந்திலர். தாய் அவளைத் தன் வயிற்றுக்கு நேர்ந்த குறையாக எண்ணி வெறுக்கிறாள்; தந்தை பாணிகண்டர் அவளை மற்ற இரு பெண்களினும் மிகுதியாக நேசிக்கிறார். சுபா உண்மையில் மொழியற்றவள் அல்லள். ஆற்றங்கரை, மரநிழல், தொழுவத்தில் உள்ள இரண்டு பசுக்கள் ஆகியவற்றோடு அவளுக்கு ஓயாத உறவாடல் உண்டு. அவளுடைய பெரிய கருவிழிகள் எல்லாவற்றையும் சொல்லுகின்றன. ஆகவே ஊமையாய்ப் பிறந்ததனால் மட்டும் அவள் தனியளாகவில்லை. அவளுக்கு மணவயது வந்தது. தனிமையும் அப்போதுதான் வந்தது. ‘இன்னும் பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறார்களே’ என்று ஊர் பேசத் தொடங்குகிறது. அக்குடும்பத்தைச் சாதிக்கட்டு செய்து விலக்கி வைப்பார்கள் என்னும் பேச்சும் அடிபடுகிறது. அன்புடைய தந்தையே அவளைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்று, குறையைச் சொல்லாமல் மணம் செய்து கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். சில நாட்களில் உண்மை வெளிப்படுகிறது. கணவன் பேசத் தெரிந்த வேறொரு பெண்ணை மணந்துகொள்கிறான்.

இக்கதையில் பாணிகண்டரை நாம் கொடியவர் என்று சொல்ல முடியுமா? அவர் ஊருக்கு அஞ்சியவர். அத்துடன் மகளை நேசித்தவர். அச்சமும் அன்பும் ஒரே நெஞ்சில் இருந்தன, அச்சம் வென்றது. தாகூர் காட்ட விரும்பியது இதுவே எனலாம். சுபாவின் கண்கள் சொன்னதைப் படிக்கும் பொறுமை ஆற்றங்கரையில் சிலருக்கு இருந்தது. மணச்சந்தையில் எவருக்கும் இல்லை.

வங்காளத்தை அடுத்த ஒரிஸாவிற்கு வருவோம். 1898-இல் ‘உத்கல சாகித்யம்’ என்னும் இதழில் பக்கீர் மோகன் சேனாபதி எழுதிய ‘ரேவதி’ வெளிவந்தது. இக்கால ஒடிய மொழிச் சிறுகதையின் தொடக்கம் என்று இதனைப் போற்றுவர். கட்டாக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சியாமபந்து என்பவர் ஜமீன்தாரிடம் வரி தண்டும் வேலை பார்க்கிறார். அவருடைய பத்து வயது மகள் ரேவதிக்குப் படிப்பில் ஆசை. வாசுதேவன் என்னும் இளம் பள்ளி ஆசிரியன் அவளுக்கு எழுத்துக் கற்பிக்கிறான். பாட்டிக்கு இது பிடிக்கவில்லை; பெண்ணுக்குச் சமையலும் கோலமும் தெரிந்தால் போதாதா என்பது அவளுடைய எண்ணம். ஊரில் காலரா நோய் பரவுகிறது. தந்தை இறக்கிறார், தாய் இறக்கிறாள், நிலமும் மாடும் போகின்றன. நேர்ந்த கேடு அனைத்துக்கும் காரணம் அந்தப் பெண் படித்த படிப்பே என்று பாட்டி முடிவு கட்டிவிடுகிறாள்.

காலராவுக்குக் காரணம் நீரில் பரவும் கிருமி என்பது அக்கதை எழுதப்படுவதற்கு முன்பே மருத்துவ உலகம் அறிந்த செய்தி. கல்கத்தாவில் பெண்களுக்கென்று பெதூன் பள்ளி தொடங்கப்பெற்றது 1849-இல். அறிவு நகரத்தில் இருந்தது; கிராமத்துப் பாட்டியின் திண்ணைக்கு அது வந்து சேரவில்லை. துன்பம் வரும்போது மனிதமனம் ஒரு காரணத்தைத் தேடுகிறது. வழக்கத்தை மீறியவர் எவரோ அவரே காரணமாகக் கைக்கு எளிதில் கிடைக்கிறார். ரேவதியோ எதிர்த்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. தாய் தந்தையரை இழந்த துயரத்தோடு, அவர்களை இழப்பதற்குத் தானே காரணம் என்னும் பழியையும் அக்குழந்தை சுமக்கிறது. தன்னை நேசிக்கும் ஒரே உயிரான பாட்டியின் வாயிலிருந்தே அப்பழி வருகிறது. ஒரே கூரையின் கீழ் இருவர் இருந்தும் இருவரும் தனித்தனியே இறந்துபோகின்றனர். இதனினும் கொடிய தனிமையைக் காட்டுவது அரிது.

ஆயினும் காட்டப்பட்டிருக்கிறது. தாகூர் 1892-இல் எழுதிய ‘ஜீவிதமும் மிருதமும்’, அதாவது ‘உயிருள்ளவளும் இறந்தவளும்’ என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். காதம்பினி, ராணிஹாட் என்னும் ஊரின் ஜமீன் வீட்டு விதவை. தாய்வீட்டில் எவரும் இல்லை. கணவன் வீட்டிலும் தனக்கென்று எவரும் இல்லை. கணவனுடைய தமையன் மகனான ஒரு சிறுவன்மீது அவள் உயிரையே வைத்திருக்கிறாள். மழைக்கால இரவொன்றில் அவளுடைய நெஞ்சத் துடிப்புத் திடீரென நின்றுவிடுகிறது. போலீஸ் தொல்லை வருமோ என்று அஞ்சி, நான்கு பணியாளர்கள் அவசரமாக அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். விறகு வரக் காத்திருக்கும் வேளையில் அவள் மூச்சு விடுகிறாள். காவலிருந்தவர்கள் அஞ்சி ஓடிவிடுகின்றனர். பிணத்தைக் காணாதபோது, எரித்தாயிற்று என்று எசமானரிடம் சொல்லிவிடுகின்றனர்.

அதன்பின் அவள் எங்கே போவாள்? இளமைத் தோழியின் வீட்டுக்குப் போகிறாள். தான் இறந்தவள் என்றே அவளும் நம்பத் தொடங்கிவிடுகிறாள். உண்மை அறிந்த தோழியும் அவள் கணவனும் நடுங்குகின்றனர். மறுபடியும் ராணிஹாட்டுக்கு வருகிறாள். நோயுற்றுப் படுத்திருக்கும் சிறுவன் மட்டும் அவளைக் கண்டு மகிழ்ந்து ‘சித்தி’ என்று அழைக்கிறான். மற்றையோர் மயங்கி வீழ்கின்றனர். வீட்டுத் தலைவர் கைகூப்பி, குழந்தையின்மீது வைத்த பாசத்தை அறுத்துக்கொண்டு போய்விடுமாறு வேண்டுகிறார். அவள் வெண்கலக் கிண்ணத்தால் நெற்றியில் மோதிக்கொள்கிறாள், இரத்தம் வழிகிறது. அந்த இரத்தமும் அவர்களுக்குச் சான்றாகவில்லை. அவள் அந்தப்புரத்துக் குளத்தில் வீழ்ந்து மாய்ந்த பின்னரே, அதுவரை அவள் உயிரோடிருந்தாள் என்பது அவர்களுக்கு உறுதிப்படுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வியப்புக் கதை. பேய்க்கதை என்றும் சொல்லலாம். சற்றே ஆழ்ந்து நோக்கினால் இதில் வியப்பு எதுவும் இல்லை. விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்னும் சட்டம் 1856-இல், ஈசுவரசந்திர வித்தியாசாகரின் பெருமுயற்சியால், நிறைவேறிவிட்டது. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட இக்கதையில் அச்சட்டத்தின் நிழல்கூட விழவில்லை. காதம்பினி சுடுகாடு செல்லுமுன்பே அவ்வீட்டின் கணக்கில் பாதி இறந்தவள். அவள் இறந்தபோது எதுவும் குறையவில்லை. ஆகவே திரும்பி வந்தபோது வைக்க இடமுமில்லை. வாழ்வோடு இணைக்கும் உறவுகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட்ட பின் ஒருவரை உயிருள்ளவர் என்று எதைக்கொண்டு சொல்வது? இக்கேள்வியைத் தாகூர் வாதமாக எழுப்பவில்லை. ஒரு பெண்ணை இரவில் நடக்கவிட்டு எழுப்பினார்.

இனி, 1880 முதல் 1936 வரை வாழ்ந்த இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் ‘பூடி காகி’, அதாவது ‘கிழச் சித்தி’ என்னும் கதை. கணவனும் பிள்ளைகளும் மாண்டுபோன முதியவள் ஒருத்தி தன் சொத்து முழுவதையும் மருமகன் முறையான புத்திராமுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதி வாங்கியபோது இருந்த பரிவு பின்னர் இல்லை. அவ்வீட்டில் ஒரு விழா. நெய்யில் பூரி பொரியும் மணம் இருட்டறை வரை வருகிறது. பசி தாங்காத கிழவி தவழ்ந்து வந்து அடுப்பருகே அமர்கிறாள். மருமகள் ரூபா சீறுகிறாள். மறுமுறை விருந்தினர் பந்தியின் நடுவே வந்துவிடுகிறாள்; புத்திராம் கையைப் பற்றி இழுத்துச் சென்று அறையில் தள்ளுகிறான். ஊரெல்லாம் உண்டது, சொத்துக்கு உடையவள் உண்ணவில்லை. இரவில் வீட்டுச் சிறுமி லாட்லி தன் பங்குப் பூரிகளை மறைத்து வைத்திருந்து கொண்டுவந்து கொடுக்கிறாள். அதுவும் போதாமல் கிழவி எச்சில் இலைகளினிடையே அமர்ந்து பொறுக்கி உண்கிறாள். விழித்தெழுந்த ரூபா அதைக் காண்கிறாள், நெஞ்சு நடுங்குகிறாள், தட்டு நிறைய உணவு கொண்டுவந்து வைத்து மன்னிப்பு வேண்டுகிறாள்.

இக்கதையில் கிழவி செய்த பிழை என்ன? பசித்தது ஒன்றே. முதுமை என்றால் ஆசை அடங்கியிருக்க வேண்டும் என்பது ஊரின் எதிர்பார்ப்பு. கேட்டபோது கொடுக்க வேண்டும், கொடுத்தபின் கேட்கலாகாது. நாக்கின் சுவையைத் துறந்துவிட்டதாக நடித்திருந்தால் அவளை ‘நல்ல கிழவி’ என்று சொல்லியிருப்பார்கள். நடிக்க அவளுக்குத் தெரியவில்லை, எனவே தனியளானாள்.

நான்கு கதைகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்போமானால் இரண்டு செய்திகள் புலனாகும். முதலாவது, இவற்றில் எங்கும் கொடியவன் என்று தனியே ஒருவன் இல்லை. அஞ்சிய தந்தை, அறியாத பாட்டி, மிரண்ட தமையனார், வேலைப்பளுவில் எரிச்சலுற்ற மருமகள் என, நாம் நாள்தோறும் காணும் மனிதர்களே உள்ளனர். கதைமுடிவில் எவரையும் தூக்குமேடைக்கு அனுப்பி நாம் நிம்மதி அடைய வழியில்லை. ஆகவே கதை நம்மைச் சும்மா விடுவதில்லை.

இரண்டாவது, தனித்துவிடப்பட்டவரை அணுகுவோர் யார் என்பது. சுபாவைப் பசுக்கள் அறிந்தன. காதம்பினியைக் கண்டு அஞ்சாதவன் ஒரு சிறுவன். கிழச் சித்திக்கு உணவு கொண்டுவந்தவள் ஒரு சிறுமி. ரேவதிக்கு எழுத்துத் தந்தவனோ பெற்றோரை இழந்து வளர்ந்த இளைஞன். அதாவது, யார் யாருக்கு எந்த இடம் என்னும் பாடத்தை இன்னும் கற்காதவர்களும், தமக்கே இடமில்லாதவர்களுமே அவர்களை அணுகினர். மூன்று மொழியறிஞர்கள் அல்லர் இவர்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவர்களும் அல்லர் எனத் தோன்றும்படி, வங்காளத்திலும் ஒரிஸாவிலும் காசியைச் சூழ்ந்த நாட்டிலும் இவ்வுண்மை வெளிப்பட்டிருக்கிறது. பிறரை ஒதுக்கும் குணம் நமக்குப் பிறவியிலேயே வந்ததன்று, பிற்காலத்தில் கற்றுக்கொண்டது. கற்றதை மறக்கவும் கூடும் என்பதற்கு எச்சில் இலைகளின் முன் நடுங்கி நின்ற ரூபாவே சான்று.

எனினும் மறப்பது எளிதன்று. சுபாவைப் படைத்த தாகூரே 1901-இல் தம் பெண்கள் இருவரை மணம் செய்து கொடுத்தார். மூத்தவள் மாதுரிலதாவுக்குப் பதினைந்து நிரம்பவில்லை. அடுத்தவள் ரேணுகாவுக்குப் பதினோராம் வயது நடந்துகொண்டிருந்தது. எழுதுகோல் கண்ட உண்மையைக் குடும்பத் தலைவர் கடைப்பிடிக்கவில்லை. இதனைக் கவிஞரைக் குறைகூறும் பொருட்டு நாம் நினைவூட்டவில்லை. ஊரின் எதிர்பார்ப்பு எத்துணை வலியது என்றால், அதனைக் கண்ணாரக் கண்டு எழுதிய கையையும் அது பிடித்திழுத்துவிட்டது என்பதை அறியும் பொருட்டே நினைவூட்டுகிறோம்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1914-இல், அதே கை ‘மனைவியின் கடிதம்’ என்னும் கதையை எழுதிற்று. பேச்சு வழக்கை ஒட்டிய வங்காள நடையில் ‘சபுஜ் பத்ர’ இதழில் அது வந்தது. பதினைந்து ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பின் மிருணாள் என்பவள் பூரியிலிருந்து கணவனுக்கு எழுதும் மடல் அது. அவளுக்கு அவ்வீட்டில் உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. ஆனால் அவள் அங்கே ‘இரண்டாம் மருமகள்’, அவ்வளவே. மறைவாகக் கவிதை எழுதி வந்தாள் என்பதை அவ்வீட்டார் அறியவே இல்லை. அநாதையாய் அங்கே அடைக்கலம் புகுந்த பிந்து என்னும் பெண்ணை ஒரு பித்தனுக்கு மணமுடித்து அனுப்பிவிடுகின்றனர். தப்பி வந்தவளைத் திருப்பி அனுப்புகின்றனர். அவள் தன்னைத் தீயிட்டுக்கொள்கிறாள். அதைக் கண்டபின் மிருணாள் அவ்வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்கிறாள். ரேவதியும் காதம்பினியும் இறந்து விடைபெற்றனர்; இவள் வாழ்வதற்காக விடைபெறுகிறாள். சுமத்தப்பட்ட தனிமையை உதறிவிட்டு, தானே தேர்ந்த தனிமையைக் கடற்கரையில் ஏற்கிறாள். ஆனால் இவள் விழித்தெழ இன்னொரு பெண்ணின் உயிர் விலையாயிற்று என்பதையும் கதை மறைக்கவில்லை.

அக்காலத்துக்கும் இக்காலத்துக்கும் இடையே மாறுதல்கள் பல. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல் வந்தது. ரேவதிகளுக்காக, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. சுபாக்களுக்காக, மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. கிழச் சித்திக்கென்றே எழுதியதுபோல் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: பேணிக் காப்பதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கியவர் பேணாதொழிந்தால், அந்த எழுத்தையே செல்லாததாக்க அதில் வழியிருக்கிறது. இவையெல்லாம் பெரும் பேறுகள், ஐயமில்லை.

ஆயினும் சட்டம் சோற்றை வாங்கித் தரும். பந்தியில் இடம் தந்து ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் குரலைச் சட்டத்தால் வாங்கித் தர இயலாது. 1856-ஆம் ஆண்டுச் சட்டம் காதம்பினியின் வாயிலைத் தட்டாமல் நின்றதற்கும் இதுவே காரணம். வீட்டின் உள்ளே நடப்பதை வீட்டார்தாம் மாற்ற வேண்டும்.

சிறந்த கதைகளை நாம் படிப்பது பொழுதுபோக்குக்கு மட்டும் அன்று. பழைய கதையில் ஒருவர் ஒதுக்கப்படுவதைக் கண்டு கண்ணீர் விடுவது எளிது. அடுத்த அறையில் இருப்பவரைக் காண்பதே அரிது. மணமாகாமல் முப்பதைக் கடந்த பெண், வேலை கிடைக்காத மகன், பிள்ளைப்பேறு இல்லாத மருமகள், காது மந்தமான தாத்தா ஆகியோர் நம் வீட்டு விழாக்களில் எங்கே அமர்ந்திருக்கின்றனர் என்று ஒருமுறை நோக்குவோமாக. அவர்களைப் பற்றி எவர் எவரோ பேசிக்கொண்டிருப்பர். அவர்களோடு பேசுவோர் சிலரே. அந்த நாலு பேரில் ஒருவர் நாமாகவே இருத்தலும் கூடும். அங்ஙனமாயின், அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது. லாட்லி என்னும் சிறுமி செய்ததும் இதுவே. தன் பங்கை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் சென்றாள்.